முலைப்பாலைக் கூண்டில் ஏற்றுவது முறையா?

பால் குடிக்கும் குழந்தைக்கு வயிறு கெட்டுவிட்டால் நம் வீடுகளில் முதல் விசாரணை தாயிடம்தான் தொடங்குகிறது. நேற்று என்ன சாப்பிட்டாய், தலைக்குக் குளித்தாயா, வெயிலில் நின்றுவிட்டு வந்து அப்படியே பால் கொடுத்தாயா என்று கேள்விகள் அடுக்கப்படும். இரண்டு நாளில் கழிச்சல் நின்றுவிட்டால் விசாரணையும் நின்றுவிடும். அது இரண்டு வாரம், மூன்று வாரம், ஒன்றரை மாதம் என்று நீண்டால் கேள்விகள் முடிந்து தீர்ப்பு வந்துவிடுகிறது: "உன் பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடு." இத்தீர்ப்பை வழங்குபவர் சில வீடுகளில் மாமியார், சில வீடுகளில் எதிர்வீட்டுப் பெரியவர், சில வேளைகளில் மருத்துவரே.

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பிழையானது என்பதும், அப்பிழைக்கான தண்டனையைக் குழந்தையும் தாயும் சேர்ந்து அனுபவிக்கிறார்கள் என்பதுமே நான் சொல்ல வருவது. தமிழ் கற்பிக்கும் ஒருத்திக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு நோயை நாம் எந்தச் சொற்களால் பேசுகிறோமோ அந்தச் சொற்களே நோயாளியை நாம் நடத்தும் முறையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. சொற்களைப் பற்றிப் பேசும் உரிமை தமிழாசிரியருக்கு உண்டு என்ற துணிவில் எழுதுகிறேன்.

இந்நோயைப் பொறுத்தவரை தமிழில் சொற்பஞ்சம் இல்லை. கழிச்சல், பேதி, உப்புசம், எதுக்களிப்பு என்பன அன்றாடம் புழங்குபவை. சித்த மருத்துவத்தில் குழந்தைகளுக்கென அமைந்த பிரிவாகிய பாலவாகடம், 'மாந்தம்' என்ற சொல்லின்கீழ் செரியாமாந்தம், பால்மாந்தம், ஊதுமாந்தம் என்று வகைகளை அடுக்கிச் செல்கிறது. பெயரிடுவதற்கு முன் உற்றுப் பார்த்தாக வேண்டும். எனவே இந்தப் பெயர்ப்பட்டியலையே பல தலைமுறைகள் குழந்தையை உற்றுப் பார்த்ததன் சான்றாக நான் கொள்கிறேன். கைக்குழந்தையின் நோய்க்குத் தாய் மருந்துண்பதும் பத்தியம் இருப்பதும் அம்மரபின் வழக்கங்களே. தாய் உண்பது பால்வழியே சேயைச் சென்றடையும் என்ற நுட்பமான கருத்து அதில் அடங்கியிருக்கிறது.

ஆனால் நம் இலக்கியம் இந்த இடத்தில் சற்று மௌனமாகிவிடுகிறது. பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள் உண்டு. குழந்தை தவழத் தொடங்குவதற்கும், சப்பாணி கொட்டுவதற்கும், முத்தம் தருவதற்கும் பருவம் வகுத்தார்கள். இரவெல்லாம் காலை மடக்கி வீறிட்டு அழும் வயிற்றுவலிக்குப் பருவம் இல்லை. கவிஞர்கள் பெரும்பாலும் ஆண்கள். அந்நேரம் திண்ணையில் உறங்கியிருப்பார்கள். எனினும் முதற்பருவத்திற்குக் 'காப்பு' என்று பெயரிட்டார்களே, அதைப் பாராட்டத்தான் வேண்டும். முதல் சில மாதங்களில் குழந்தைக்குத் தேவைப்படுவது காவல்தான். எவ்வகைக் காவல் என்பதே கேள்வி.

நிற்க. கீழ்வேளூர்ப் பகுதியைச் சேர்ந்த என் பழைய மாணவி ஒருத்தியின் அனுபவத்தை அவள் இசைவோடு இங்கே சொல்கிறேன். பெயர் வேண்டாம். குழந்தைக்கு இரண்டரை மாதம் ஆனபோது கழிச்சல் தொடங்கியது. நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை. பச்சையாக, சளி கலந்து, சில நாள்களில் நூல் போன்ற ரத்தக் கீற்றும் காணப்பட்டது. முதலில் உரைமருந்து கொடுத்தார்கள். அடுத்துக் கிரைப் வாட்டர். அடுத்து ஒரு கிழவியிடம் தூக்கிச் சென்று தொக்கம் எடுத்தார்கள். நாகூரில் ஓதி வாங்கிய கயிறு இடுப்பில் ஏறியது. அப்புறம் தாய்க்குப் பத்தியம்: கீரை, பருப்பு, பழம், மீன் எல்லாவற்றுக்கும் தடை. ரசஞ்சோறும் சுட்ட அப்பளமும் மட்டும். பச்சை உடம்புக்காரி மெலிகிறாளே என்ற இரக்கத்தில் காலையும் மாலையும் ஒரு குவளை பசும்பாலும், மதியம் கெட்டித்தயிரும் தாராளமாகக் கொடுத்தார்கள். ஐந்தாம் வாரம் முதலில் பார்த்த மருத்துவர் ஒருவர் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு லாக்டோஸ் இல்லாத பால்மாவு வாங்கச் சொன்னார். அன்றிரவு அவள் தொலைபேசியில் சொன்ன சொற்கள் இவை: "என் பால் விஷமாம்மா? எல்லாரும் அப்படித்தாம்மா பாக்குறாங்க."

மறுவாரம் திருவாரூரில் வேறொரு குழந்தை மருத்துவர் முதலில் செய்த காரியம், குழந்தையை எடைபோட்டதுதான். பிறந்தபோது 2.8 கிலோ, மூன்றரை மாதத்தில் 5.6 கிலோ. "பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறது, பாலை நிறுத்தப் பேச்சே இல்லை" என்றார். அடுத்துத் தாய் உண்பவற்றைக் கேட்டார். பசும்பால், தயிர், மோர், பால் கலந்த காப்பி, நெய் ஆகியவற்றை மட்டும் மூன்று வாரம் நிறுத்திவிட்டு மற்ற அனைத்தையும் வயிறார உண்ணச் சொன்னார். பத்து நாளில் ரத்தக் கீற்று மறைந்தது. மூன்றாம் வாரம் வயிறு சீரானது. மருத்துவர் சொன்னபடி மீண்டும் பால் குடித்துப் பார்த்தாள். இரண்டே நாளில் பழைய தொல்லை திரும்பியது. காரணம் உறுதியாயிற்று. அக்குழந்தை இன்று பள்ளிக்குப் போகிறது. தயிர்ச்சோறு விரும்பி உண்கிறது.

இக்கதையில் வாசகர் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. தாயின் உணவு சேயைத் தொடும் என்ற நம் மரபின் கருத்து இங்கே சரியாகவே இருந்தது. பசும்பாலின் புரதம் மிகச் சிறிய அளவில் தாய்ப்பாலில் கலந்து, ஒவ்வாமையுள்ள குழந்தையின் குடலைப் புண்ணாக்கும். ஆனால் வீட்டார் கீரையையும் மீனையும் சிறையிலடைத்துவிட்டுக் குற்றவாளியைக் குவளை குவளையாக உபசரித்துக்கொண்டிருந்தார்கள். பால் தூய்மையானது, அது தீங்கு செய்யாது என்ற நம்பிக்கை அத்தனை ஆழமானது. முதல் மருத்துவரின் யோசனையோ இன்னும் மோசம். லாக்டோஸ் என்பது பாலின் சர்க்கரை. அதை நீக்கினாலும், பசும்பாலிலிருந்து செய்த மாவில் பசும்பாலின் புரதம் முழுதாக இருக்கும். தாய்ப்பால்வழியே துளித்துளியாக வந்த பகை, புட்டியில் நேரடியாக நிறைந்து வந்திருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இவ்வகை ஒவ்வாமை அரிது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ இருநூற்றில் ஒன்றுக்கே இது வருகிறது. எனவே இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் தானாகவே பாலையும் தயிரையும் கைவிட வேண்டியதில்லை. அப்படிக் கைவிடுவது மருத்துவர் சொல்லி, இரண்டு முதல் நான்கு வாரம், மீண்டும் உண்டு சோதிப்பதோடு முடிய வேண்டிய ஒரு பரீட்சை. அது உறுதியானால் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, எள், கீரை, முள்ளோடு உண்ணக்கூடிய சிறுமீன் ஆகியவை இருக்கின்றன. நாகைக் கரைக்கு அருகில் வாழ்பவர்களுக்குச் சிறுமீனுக்குக் குறைவில்லை.

மற்ற குழந்தைகளுக்கு என்ன? பெரும்பாலானவர்களுக்கு நோயே இல்லை என்பதுதான் விடை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் எட்டுப் பத்து முறை மஞ்சளாக, நீர்த்து, விதை விதையாகப் போகலாம். சற்று வளர்ந்தபின் ஒரு வாரம் போகாமலும் இருக்கலாம். எடை கூடி, சிறுநீர் தாராளமாகப் பிரிந்து, குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் இரண்டும் இயல்பே. இதற்கு அழகான காரணம் ஒன்று உண்டு. தாய்ப்பாலில் கொழுப்புக்கும் லாக்டோஸுக்கும் அடுத்தபடியாக மிகுந்திருப்பவை ஒருவகைக் கூட்டுச் சர்க்கரைகள். அவற்றைக் குழந்தையால் செரிக்க முடியாது. செரிக்க முடியாத ஒன்றைத் தாயின் உடல் இத்தனை சிரமப்பட்டு ஏன் சுரக்கிறது என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் திகைத்தார்கள். குழந்தையின் குடலில் குடியேறும் நன்மை தரும் நுண்ணுயிர்களுக்கான உணவு அது. தாய் தன் பிள்ளைக்கு மட்டுமன்றி, பிள்ளையின் வயிற்றில் குடியிருப்போர்க்கும் சேர்த்தே சமைக்கிறாள். விருந்தோம்பலை இல்லறத்தின் அறமாகக் கொண்ட மொழிக்கு இது புரியாத செய்தியன்று. நாம் கண்டு அஞ்சும் அந்த இளகிய, புளித்த மணமுள்ள மலம் பெரும்பாலும் அவ்விருந்தின் அடையாளமே.

சில தாய்மார்க்குப் பால் மிகுதியாகச் சுரக்கும். அங்கே குழந்தை முதலில் வரும் நீர்த்த பாலையே நிறையக் குடித்துவிட்டு, கொழுப்பு மிகுந்த பின்பாலுக்கு முன் நிறுத்திவிடுவதால் பச்சையாக, நுரைத்துக் கழியும், வயிறு உப்பும், ஆனால் எடை நன்றாகக் கூடும். ஒரு பக்கத்தை நன்கு குடித்து முடித்தபின் மறுபக்கம் மாற்றுவதே பெரும்பாலும் போதும். மாலையானால் மணிக்கணக்கில் அழும் குழந்தைகளின் தொல்லை ஆறாம் வாரத்தை ஒட்டி உச்சம் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கும். அடங்கும் வாரத்தில் யார் என்ன கொடுத்தார்களோ அது கைகண்ட மருந்தாகப் புகழ் பெற்றுவிடுகிறது. நம் ஊர்களின் பல கைராசிகளுக்கு மூலம் இந்த நாட்கணக்கு.

தொற்றால் வரும் உண்மையான வயிற்றுப்போக்கு வேறு. அது 14 நாளைத் தாண்டினால் உலக நலவாழ்வு நிறுவனம் 'நீடித்த வயிற்றுப்போக்கு' என்கிறது. தொற்றுக்குப்பின் குடலின் உட்சுவர் தேறும்வரை லாக்டோஸைச் செரிக்கும் திறன் சில நாள் குறையலாம். அப்போதும் தாய்ப்பால் தொடர வேண்டும் என்பதே விதி. 1971-இல் வங்கதேச அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது, பன்காவ் முகாமில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொண்டே ஆயிரக்கணக்கானோரைக் காத்தவர் மருத்துவர் திலீப் மகலனாபிஸ். 2022-இல் மறைந்த அவருக்கு அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. 2004 முதல் அக்கரைசலோடு துத்தநாக மருந்தும் சேர்த்துப் பரிந்துரைக்கப்படுகிறது. இந்த மருத்துவ முறை எதிலும் தாய்ப்பாலை நிறுத்து என்ற வரி இல்லை.

அப்படியானால் நிறுத்து என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி நம் அச்சத்திலிருந்து, மறுபகுதி கடையிலிருந்து. கிரைப் வாட்டரின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் கிழக்கே, நம் கடைமடையைப் போன்ற சதுப்புநிலப் பகுதியில் குளிர்காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தை அடியொற்றி 1851-இல் வில்லியம் உட்வர்ட் அதை உருவாக்கினார். அதில் நெடுங்காலம் சாராயமும் சர்க்கரையும் இருந்தன. குழந்தை அமைதியடைந்ததில் வியப்பென்ன? பாட்டி தன் மகளுக்கும் அம்மகள் தன் மகளுக்கும் பரிந்துரைக்கும் அந்தத் தொலைக்காட்சி விளம்பரத்தை மறந்தவர் உண்டா? ஒரு வணிகப் பொருள் ஒரே தலைமுறையில் 'பாட்டி வைத்தியம்' ஆன விதம் அதுதான்.

பால்மாவின் கதை இன்னும் கடுமையானது. 1939-இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், இனிப்பூட்டிய டப்பாப் பாலைக் குழந்தைக்குத் தகுந்ததென்று விற்பது கொலைக்கு ஒப்பாகும் என்று மேடையில் பேசினார். உலகம் அதைக் காதில் வாங்க நாற்பதாண்டுகளுக்கு மேலாயிற்று. 1981-இல் உலக அளவிலான நெறிமுறை வந்தது. இந்தியாவில் 1992-இல் தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விளம்பரத்தைத் தடைசெய்யும் சட்டம் வந்து, 2003-இல் மேலும் இறுக்கப்பட்டது. இருந்தும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகள் இந்தியாவில் ஏறத்தாழ 64 விழுக்காடு. தமிழ்நாட்டில் சுமார் 55 விழுக்காடுதான். ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடக்கும் மாநிலம், இதில் மட்டும் சராசரிக்குக் கீழே நிற்கிறது. படிப்பும் வசதியும் கூடக் கூட முலைப்பாலின் மீதான நம்பிக்கை குறைகிறதோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

இங்கே மரபை நேசிக்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். உரைமருந்தைக் குறைகூறினால் அவர்களுக்குக் கோபம் வரும். 'பிள்ளை வளர்ப்பான்' என்று வசம்புக்குப் பெயரிட்ட மொழியின் அன்பு எனக்கும் புரிகிறது. ஆயினும் அதே வசம்பிலுள்ள ஒரு வேதிப்பொருளின் நச்சுத்தன்மையைக் கருதி 1968-இல் அமெரிக்கா அதை உணவுப்பொருள்களில் சேர்க்கத் தடைவிதித்தது. சுட்ட வசம்பை எத்தனை இழைப்பு இழைத்தார்கள், எந்த நீரில் குழைத்தார்கள், அந்தக் கல்லை யார் கழுவினார்கள் என்பதற்கு எந்த வாகடமும் பொறுப்பேற்க முடியாது. பாலவாகடம் எழுதியவர்கள் குழந்தையைப் பார்த்து எழுதினார்கள். நாம் குழந்தையைப் பார்க்காமல் பழக்கத்தைப் பின்பற்றுகிறோம். மரபுக்கு அதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடத் தேவையில்லை. சித்திரை வெயிலிலும் தேவையில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு நீர்தான்.

காத்திருக்கலாம் என்று நான் சொல்வதைக் கைகட்டி இருக்கலாம் என்று யாரும் கொள்ள வேண்டாம். குழந்தை பால் குடிக்க மறுத்தால், சோர்ந்து கிடந்தால், உச்சிக்குழி உள்வாங்கினால், கண்கள் குழிந்தால், நாளொன்றுக்கு ஆறு துணிகூட நனையவில்லை என்றால், எடை நின்றுவிட்டால் அல்லது இறங்கினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மலத்தில் ரத்தம் கண்டாலும், மலம் சுண்ணாம்பு போல் வெளுத்தாலும் அப்படியே. பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலோ விடியும்வரைகூடப் பொறுக்கலாகாது. திருவாரூரில் 2010 முதலும் நாகையில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கீழ்வேளூர்க்காரர்களுக்கு இரண்டும் எட்டும் தொலைவே. கண்டுகொள்ள வேண்டிய அடையாளங்கள் தெரியாமல் பயப்படுவதைவிட, தெரிந்து விழித்திருப்பது தாய்க்கும் எளிது.

கீழ்வேளூர்க் கோயிலைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோச்செங்கட்சோழன் கட்டியதாகச் சொல்லப்படும் அம்மாடக்கோயிலில் கேடிலியப்பரோடு எழுந்தருளியிருக்கும் அம்மைக்கு வனமுலைநாயகி என்று பெயர். முலையழகால் தெய்வத்தைப் பெயரிட்டு அழைக்க நம் முன்னோர் கூசவில்லை. அங்கேயே அஞ்சுவட்டத்தம்மன் சந்நிதியும் உண்டு. முருகன் தவம் செய்தபோது இடையூறு நேராதபடி ஐந்து திக்கிலும் தாயே காவல் நின்றாள் என்பது தலபுராணம். அவள் தவத்தைக் கலைக்கவுமில்லை, கண்ணயரவுமில்லை. காப்புப் பருவத்துக்கு உரிய காவல் இவ்வகைக் காவல்தான்.

ஆனால் காவல் நிற்கும் தாயைக் காப்பது யார்? பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் சென்று பாடிய புறநானூற்றுப் பாடலை மாணவர்க்கு நடத்தும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும். வறுமையில் வற்றிய முலையைச் சுவைத்துப் பால் பெறாமல் அழும் குழந்தையும், அதைப் பார்த்துக் கலங்கும் தாயும், அவர்களைப் பார்க்கப் பொறுக்காமல் புரவலனைத் தேடிப் புறப்பட்ட புலவரும் அதில் இருக்கிறார்கள். அந்தப் புலவர் மனைவியை விசாரிக்கவில்லை. உணவு தேடிப் புறப்பட்டார். நம் வீடுகளிலோ பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றவுடன் தாயின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் அரசு ஊழியர்க்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு பன்னிரண்டு மாதம். என்னைப் போன்றோர் அதன் நன்மையை அறிவோம். நடவுக்குப் போகும் பெண்ணுக்கு விடுப்பு என்ற சொல்லே கிடையாது. முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987 முதல் வழங்கப்படும் மகப்பேறு உதவி, 2018 முதல் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய். அது பெரும் உதவிதான். ஆறு மாதக் கூலிக்கு ஈடாகாது. மூன்றாம் மாதமே அவள் சேற்றில் இறங்குகிறாள். தூளியில் கிடக்கும் பிள்ளைக்குப் பாலாடையில் கரைத்த மாவும் கஞ்சித் தெளிவும் புகட்டப்படுகின்றன. வயிறு கெடுகிறது. மாலையில் களைத்துத் திரும்பும் தாயிடம் சொல்கிறார்கள்: "வெயில்ல நின்ன பாலு, அதான் புள்ளைக்குச் சேரல." உண்மையில் சேராதது எது என்று கேட்க அங்கே ஆளில்லை. பேருந்து நிலையங்களில் 2015-இல் பாலூட்டும் அறைகள் திறந்த அரசு, நடவு நடக்கும் வயலோரத்தையும் நினைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அடுத்த முறை உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு கைக்குழந்தைக்கு நாட்கணக்கில் வயிறு கெட்டிருந்தால், தயவுசெய்து தாயிடம் "என்ன சாப்பிட்டாய்?" என்று குற்றம் சாட்டும் குரலில் கேட்காதீர்கள். குழந்தையை எடைபோட்டார்களா என்று கேளுங்கள். பிறகு, "நீ சாப்பிட்டாயா அம்மா?" என்று கேளுங்கள். இரண்டு மணிநேரம் பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கவிடுங்கள்.